ஊற்றுக்குள் ஓட்டிய ஸ்கூட்டர்

தண்ணீருக்கடியில் ஓட்டும் ஸ்கூட்டர் என்று ஒன்று உண்டு என்றால் இன்றும் பலர் சிரிக்கிறார்கள். அதற்குச் சக்கரமும் இல்லை, உட்காரும் இடமும் இல்லை. ஆள் நீளத்துக்கு ஒரு தடித்த குழாய். மூக்கில் விளக்கு, வயிற்றில் பேட்டரி, வாலில் காற்றாடி. அதன்மேல் குப்புறப் படுத்து, தொடைகளால் இறுக்கிப் பிடித்து, கைப்பிடியிலுள்ள விசையை அழுத்தினால் அது நம்மைச் சுமந்துகொண்டு போகும். தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் முக்குளிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. முதுகுச் சிலிண்டரிலுள்ள காற்று கொஞ்சம்தான். நீந்திக் களைத்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான் அதை ஓட்டப் பழகியது கடலில் அல்ல. இலங்கை மலைநாட்டில் பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகிற பாதையில், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில். எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த இரண்டு வாரங்களில் பட்ட வெட்கத்தை அதற்கு முன்போ பின்போ நான் பட்டதில்லை.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். தோட்டத்து ஜனங்களுக்கு அவர் டாக்டரய்யா. அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். பண்டாரவளையில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்து முடித்ததும், சின்னம்மா என்னைத் திருகோணமலைக்கு அழைத்துக்கொண்டார். சின்னம்மாவின் பிள்ளைகள் கடலிலேயே கிடப்பவர்கள். அவர்களோடு நானும் நீந்தப் பழகினேன். பிறகு கடற்கரையிலிருந்த ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துப்போய்ப் பவளப்பாறை காட்டும் தொழில் செய்துவந்தார்கள். மனைவிக்கு என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட. லீவு நாட்களில் அவள் எனக்கும் முக்குளிக்கச் சொல்லித்தந்தாள். அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். கடலையே சரியாகப் பார்த்திராத அவர், நான் படகில் உலாப் போய்வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் தோட்டத்து ஊற்றைப் பற்றி அவர்களிடம் சொன்னது நான்தான். மலையடிவாரத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறை. அதன் கீழே கரிய வாய்போல ஒரு குகை. அதிலிருந்து சுரக்கும் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாகத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து குழாயில் இறங்கி தொழிலாளர் வரிசை வீடுகளான ஒவ்வொரு லயத்தின் பீலியிலும், அதாவது பொதுக்குழாயிலும், கொட்டும். அது இராவணன் வெட்டிய சுரங்கம், எல்ல என்ற ஊர் வரைக்கும் போகிறது என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். கணவருக்குத் தன் நாட்டில் இப்படிப்பட்ட குகைகளில் போய்ப் பழக்கம். அந்த வருடம் மழை பொய்த்து, ஊற்று மெலிந்துபோயிருந்தது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, பம்பு வைத்து இறைக்கலாமா என்று தெரிந்துகொள்ளத் தோட்டத்துத் துரைக்கும் ஆசை. எழுதிக் கேட்டதும் அனுமதி கொடுத்துவிட்டார். திருகோணமலைக் கடல் அப்போது கொந்தளிப்பாக இருந்ததால் ஹோட்டலிலும் வேலை இல்லை. ஜீப்பில் அவர்களுடைய இரண்டு ஸ்கூட்டர்களை ஏற்றிக்கொண்டு மூவரும் மலையேறினோம்.

உள்ளே போவது கணவனும் மனைவியும்தான் என்று ஏற்பாடு. நான் பேச்சை மொழிபெயர்க்க வந்தவள். ஆனால் வந்த மறுநாளே அவருக்குக் காது வலித்தது. அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சீழ் கோத்திருக்கு பாப்பா. தண்ணியில எறங்கக் கூடாதுன்னு அவருகிட்ட சொல்லு. எறங்குனா காதே போயிரும்."

நான் சொன்னேன். அவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்படியானால் நீ வா. ஸ்கூட்டர் ஓட்ட ஒரு வாரத்தில் பழகிவிடலாம்."

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும். மருந்துப் புட்டியை மூடி வைத்துவிட்டு, "ஒனக்கு இதெல்லாம் வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். காது பார்க்கப் போய் மகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டோமே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் தெரிந்தது.

பழகுவதற்கு ஃபெக்டரிக்குப் பின்னாலிருந்த தேக்கத்தைத் தெரிந்தெடுத்தோம். சுற்றிலும் தேயிலை மலை. ஸ்கூட்டரைக் கம்பில் கட்டி இரண்டு ஆட்கள் தோளில் சுமந்து வந்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை முதுகில் தொங்கவிட்டபடியே நின்று பார்த்தார்கள். கங்காணி அதட்டினார். பிறகு அவரும் நின்று பார்த்தார்.

குளிருக்காக உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்புப் போட வேண்டும். திருகோணமலையில் அதைப் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இங்கே என்னைச் சட்டையில்லாமல் ஓடிய வயதிலிருந்து பார்த்த கண்கள் அத்தனையும் மலையில் நின்றன. அதோடு அந்தக் குழாயின்மேல் காலை அகற்றிப்போட்டுப் படுக்க வேண்டும். நான் ரப்பர் உடுப்பின்மேல் ஒரு நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

"அதைக் கழற்று," என்றாள் அவள். "தொங்குகிற எதையும் காற்றாடி விடாது."

"இறுக்கிச் செருகிக்கொள்கிறேன்."

"உன் இஷ்டம் இல்லை இது."

"மேலே பார். ஊரே நிற்கிறது."

அவள் மலையைப் பார்த்தாள். அவளுக்கு அது விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, கரையோரமாக மட்டும் ஓட்டு என்று விட்டுவிட்டாள்.

விசையை அழுத்தியதும் அது பசுவைப்போல மெல்லத்தான் நகர்ந்தது. பிறகு வேகம் பிடித்தது. கால் அடிக்காமல், கை வீசாமல், தண்ணீர் இரண்டு கன்னங்களையும் தடவிக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. கரையோரம் என்பதை மறந்து நடுவுக்குப் போய், திரும்பினேன். திரும்பும்போது செருகல் அவிழ்ந்தது. பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்துச் சுருட்டி இழுப்பதுபோல இருந்தது. மோட்டார் முனகியது, நின்றது. கடல் தண்ணீருக்கு என்று எடை சரிபார்த்த ஸ்கூட்டர் அது. நல்ல தண்ணீரில் மிதக்காது. என்னையும் இடுப்போடு கட்டிக்கொண்டு அடிச்சேற்றில் போய் உட்கார்ந்தது.

அவள் வந்து கத்தியால் பாவாடையை அறுத்தாள். நான் ரப்பர் உடுப்போடு மேலே வந்தேன். மலை முழுக்கச் சிரித்தது. ஒரு பெண் அடுத்த நிரையில் நின்றவளுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "டாக்டரய்யா மக பாவாடைய மெசின் தின்னுருச்சுடி."

அன்று மாலை அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குப் பாவாட வேணாம் பாப்பா."

"எல்லாரும் பாக்குறாங்கப்பா."

"பாக்கட்டும். ஒருநா பாப்பாங்க, ரெண்டுநா பாப்பாங்க. அப்பறம் அதுகளுக்கு வேல இருக்கு."

அவர் சொன்னதுபோலவே பார்வைகள் குறைந்தன. எனக்குள்ளிருந்த கூச்சம் குறையவில்லை. ஆனாலும் பழகினேன். ஸ்கூட்டரின் வயிற்றில் ரெஜிஃபோம் என்கிற வெள்ளை மிதவைத் துண்டுகளைக் கட்டி, தண்ணீரில் விட்டால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கும்படி செய்தோம். பேட்டரிகளை இரவில் ஃபெக்டரியில் மின்னேற்றினார்கள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ஸ்கூட்டரின் வால் தரையைப் பார்க்கக் கூடாது. காற்றாடி பின்னால் தள்ளுகிற தண்ணீர் அடியிலுள்ள வண்டலில் பட்டால் குகை முழுக்கக் கலங்கிவிடும், உன் கையே உனக்குத் தெரியாது. ஒடுக்கமான இடத்தில் விசையை விடு, காலால் நீந்து. ஸ்கூட்டர் நின்றுபோனாலும் நீந்தித் திரும்பக் காற்று மிஞ்ச வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தேக்கத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோடு கிழித்ததுபோல ஓட்டினேன். அவளே ஒருநாள், "உனக்கு இது நன்றாக வருகிறது," என்றாள். அந்தச் சொல்லை அன்று முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குகைக்குள் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள் என்பதால் தோட்டமே ஊற்றடியில் கூடிவிட்டது. குகைவாயில் ஒரு முனியாண்டிக் கல் உண்டு. பூசாரி அதற்குக் கற்பூரம் காட்டி, எங்கள் இருவர் நெற்றியிலும் விபூதி பூசினார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். அப்பாவும் தடுக்கவில்லை. ஞாயிறு பூசைக்குக் கோவிலுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பளியோடு முன்வரிசையில் நின்றார். "எல்ல பக்கமா வெளிய வந்தா பஸ் புடிச்சு வந்துருங்க," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அவள் வெள்ளைக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே முன்னால் போனாள். திரும்பும் வழிக்கு அந்தக் கயிறுதான் துணை. வாயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. அதுவரைக்கும் அடியில் காலகாலமாக அடித்துவந்த வண்டல் மெத்தைபோல இருந்ததால் காலால் நீந்தினோம். வளைவுக்கு அப்பால் வெறும் பாறை. அங்கே அவள் கையைக் காட்டினாள். இருவரும் விசையை அழுத்தினோம். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. ஆயிரம் தடவை குடித்த தண்ணீரின் உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பயமே இல்லை. காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், பேசிவைத்தபடி திரும்பினோம். குகை இன்னும் போய்க்கொண்டிருந்தது.

திரும்பும்போது நான் முன்னால். கயிறு ஒரு பாறையில் தளர்ந்திருந்ததைச் சரிசெய்ய அவள் சற்றுப் பின்தங்கினாள். வளைவில் அவளுக்காக நான் நிற்க வேண்டும். விசையை விட வேண்டும். விட்டேன். அப்போது தூரத்தில் பச்சையாகப் பகல் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் மலையில் சிரித்த பெண்கள் நிற்கிறார்கள். அப்பா நிற்கிறார். காலை உதைத்து ஊர்ந்து வெளியே வருவதை அவர்கள் பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. ஸ்கூட்டரிலேயே சீறிக்கொண்டு போய் இறங்கலாமே.

விசையை முழுதாக அழுத்தினேன். வெளிச்சத்தை நோக்கி மூக்கை உயர்த்தினேன். மூக்கு உயர்ந்தால் வால் தாழும். அவ்வளவு பழகியும் அந்தக் கணத்தில் அது என் புத்தியில் இல்லை.

நான் வெளியே வந்ததும் கைதட்டல் எழுந்தது. ஸ்கூட்டரின் மூக்கு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. யாரோ சீட்டி அடித்தார்கள். முகக்கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். பிறகு கைதட்டல் ஒரு ஓரத்திலிருந்து அடங்கியது. என் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் பாலில்லாத தேநீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. குகைவாயிலிருந்து அது திரள் திரளாக வந்தது.

காதில் பஞ்சோடு கரையில் நின்ற கணவர் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டார்.

"அவள் எங்கே?"

நான் திரும்பிப் பார்த்தேன். கலங்கலைத் தவிர ஒன்றும் இல்லை.

"பின்னால் வருகிறாள்," என்றேன்.

அவர் உள்ளே பாயப் போனார். அப்பா கோட்டோடு இறங்கி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் கயிற்றின் நுனியைப் பிடித்தேன். அதில் அசைவு இருந்தால் அவள் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று அர்த்தம். அசைவு இல்லை. பூசாரி மறுபடி கற்பூரம் ஏற்றினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் கயிறு என் விரலில் மெல்லச் சுண்டியது.

அவள் கயிற்றைக் கையால் தடவித் தடவி, ஒன்றும் தெரியாத அந்தக் கலங்கலுக்குள்ளாக வந்து தலையை நீட்டினாள். ஸ்கூட்டரை உள்ளேயே ஒரு பாறையில் கட்டிவிட்டு வந்திருந்தாள். கணவர் அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் தோளுக்கு மேலாக என்னைத் தேடினாள். நான் இருப்பதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வழி தவறியிருப்பேனோ என்று உள்ளே அவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலங்கல் அங்கே நிற்கவில்லை. வாய்க்காலில் இறங்கி, தொட்டியை நிறைத்து, மத்தியானத்துக்குள் எல்லா லயத்துப் பீலியிலும் சேறாகக் கொட்டியது. ஊற்றடிக்கு வராத கிழவர்களுக்கும் சேதி எட்டிவிட்டது. எங்கள் வீட்டுக் குழாயிலும் அதுதான் வந்தது.

மறுநாள் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு நானே பீலிக்குப் போனேன். பெண்கள் குடத்து வாயில் பழைய சேலைத் துணியைக் கட்டி வடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வரிசை விலகி எனக்கு வழி விட்டது. முன்னால் நின்ற பெண் கூப்பிட்டாள்.

"நீங்க முன்னுக்குப் புடிங்க பாப்பா."

"இல்லைங்க, நான் வரிசையிலயே நிக்கிறேன்."

"அட புடிங்க. மழ பேஞ்சா இதவிட மோசமாத்தான் வரும். நாங்க என்ன காணாததா?"

அவள் என் வாளியை வாங்கி, தன் துணியை அதன்மேல் கட்டி, பீலியின் கீழ் வைத்தாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்யக்கூடத் தோன்றவில்லை. மெசின் பாவாடையைத் தின்றதாகச் சொன்ன குரல் அவளுடையதுதான் என்று வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அன்று மாலை அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, காயப்போட்ட கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ வெளிய வந்தப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்," என்றார். "அந்தப் பொண்ணு உள்ள இருக்கே, வந்துச்சான்னு எனக்கு நெனப்பே வரல. எம் மக வந்துட்டா, போதும்னு நின்னேன். இன்னைக்குப் பூராவும் அதுதான் என்னமோ மாதிரி இருக்கு."

அந்த வெட்கம் எனக்குரியது. அதை அவரும் எடுத்துச் சுமப்பதைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர்கள் மூட்டை கட்டியிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். ஆனால் ஒரு ஸ்கூட்டர் உள்ளே கிடந்தது. கணவரின் காதும் ஆறவில்லை. துரை கேட்டதற்குப் பதிலும் கிடைக்கவில்லை. தண்ணீர் தெளிந்த பிறகு நான் அவளிடம் போய், "உன்னால் இன்னும் என்னை நம்ப முடியுமா?" என்று கேட்டேன்.

"தேக்கத்துக்கு வா, பார்க்கலாம்," என்றாள்.

இந்தமுறை வேகமே கிடையாது. என் முகக்கண்ணாடியின்மேல் கறுப்புத் துணி கட்டி, கயிற்றைத் தடவிக்கொண்டு நீந்த வைத்தாள். அதாவது, நான் அவளை விட்டுவந்த அந்த இருட்டில். விரல் கயிற்றை இழந்த ஒரு தருணத்தில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் மூச்சு முட்டியது. தேக்கத்தின் கரையோரத்தில் எழுந்து நின்றால் தலை வெளியே வந்துவிடும். அவளுக்கு அன்று தலைக்கு மேலே பாறை இருந்தது. துணியை அவிழ்த்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மறுபடி கட்டு," என்றாள்.

இரண்டாம் முறை இறங்கியது வேலை நாள். கூட்டம் இல்லை. கணவரும் பூசாரியும் மட்டும் நின்றார்கள். நான் அவள் பின்னால் போனேன். விட்டுவந்த ஸ்கூட்டர் பாறையோடு அப்படியே நின்றது; அவள் அதை அவிழ்த்துக்கொண்டாள். முன்பு திரும்பிய இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான், குகை முடிந்துவிட்டது. இடிந்து விழுந்த பாறைகள் வழியை அடைத்திருந்தன. இடுக்குகளிலிருந்து தண்ணீர் சுரந்து வந்தது. கையை நுழைத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. திரும்பி வந்தோம். வளைவில் விசையை விட்டு, வண்டலுக்கு மேலே மெதுவாக, மிக மெதுவாகக் கால் அசைத்து வெளியே வந்தேன். அன்று பீலியில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு நாங்கள் உள்ளே போய்வந்ததே தெரியாது.

உள்ளே பெரிய தேக்கம் எதுவும் இல்லை, பம்பு வைத்தால் ஊற்று வற்றிவிடும் என்று துரையிடம் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார். லயத்து ஜனங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. சுரங்கம் அவ்வளவு கிட்டத்தில் முடிந்துவிடும் என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. "பாப்பா பயந்து பாதியில திரும்பிட்டாங்க போல," என்று ஒருவர் சொல்ல, அதுவே எல்லோருடைய பேச்சும் ஆனது. முதல் நாள் கண்ணால் கண்ட கூத்துக்கு அது பொருந்தியும் வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. எந்த வாயால் பேசுவது?

புறப்படும் நாளன்று பூசாரி ஜீப்பருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் கல்லுக்கு அந்தாண்ட என்னங்க இருந்துச்சு?"

"தெரியாதுங்க. கைகூடப் போகல."

"அப்ப போனாலும் போகும்," என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்பா பண்டாரவளை வரைக்கும் எங்களோடு ஜீப்பில் வந்தார். வழியில் அவளுடைய கணவரின் காதை இன்னொரு தடவை பார்த்து, சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று விளக்கினார். இறங்கும்போது அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல், அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜீப்பின் பின்பக்கம் போய், ஸ்கூட்டர்களைக் கட்டிய, ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.